மூட்டையை அள்ளியது யார்? கம்பெனிக்காரர்களா, கரைக்காரர்களா?

பாசிக்கரை:
பக்கத்துத் திரியில் ராமநாட்டான் என்பவர் எழுதியிருக்கிறார்: "ராமநாதபுரம் கடற்கரைக்கு உருப்படியாக ஏதாவது நடக்கிறது என்றால் அது கம்பெனிகள் சமூகத்துக்கென்று செலவழிக்கிற சிஎஸ்ஆர் பணத்தால்தான். சங்கம், ஜமாத், சர்ச், கோயில் கமிட்டி எல்லாம் திருவிழாவோடு சரி." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஆதாரம் என்று அவர் போட்டிருக்கும் போட்டோ எங்கள் கரையில் எடுத்தது. செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை, உலகக் கடற்கரைத் தூய்மை நாள். ஒரே நிறத்தில் டீ ஷர்ட் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தார்கள், அள்ளினார்கள், வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிட்டார்கள். போட்டோவில் வரிசையாக நிற்கிற அந்தச் சாக்கு மூட்டைகள் பொழுது சாயும்வரை அங்கேயே கிடந்தன. அது தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற நேரம். வாய் கட்டாத மூட்டைகள் சாய்ந்து, உள்ளே இருந்த கவரெல்லாம் பறந்து மணலில் படர்ந்த அடப்பங்கொடியில் போய் மாட்டிக்கொண்டன. மறுநாள் அதையெல்லாம் எடுத்தது எங்கள் பெண்கள். அவர் பதில் சொல்லட்டும். மூட்டையை அள்ளியது யார்?

ராமநாட்டான்:
அக்கா, கோபப்படாமல் கேளுங்கள். மூட்டையை எடுக்க பஞ்சாயத்து டிராக்டர் வரும் என்று முன்கூட்டியே பேசியிருந்தார்கள். அது வரவில்லை என்றால் கம்பெனியின் தப்பா? ஊரிலிருந்து எத்தனை பேர் வந்து குனிந்தார்கள்? பஸ்ஸில் வந்தவர்கள்தான் குனிந்தார்கள். 2013 கம்பெனிச் சட்டம் 135ஆம் பிரிவின்படி, 500 கோடி நிகர மதிப்போ, 1,000 கோடி விற்றுமுதலோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்று வருட லாபத்தின் சராசரியில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவழிக்க வேண்டும். அப்படி ஒரு கட்டாயம் உங்கள் சங்கத்துக்கு உண்டா? கமிட்டிக்கு உண்டா?

பாசிக்கரை:
சட்டம் இருக்கட்டும். மூட்டையை அள்ளியது யார்?

மண்டபம் முகாம்:
சட்டத்தைப் பாதி மட்டும் சொல்லாதீர்கள் தம்பி. மாரத்தான், விருது விழா மாதிரி ஒரு நாள் கூத்தெல்லாம் சிஎஸ்ஆர் செலவில் சேராது என்று 2014இல் கம்பெனி விவகார அமைச்சகமே சுற்றறிக்கை விட்டது. ஒரு காலைப்பொழுது வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போவதை எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று கேட்டுச் சொல்லுங்கள்.

ராமநாட்டான்:
மாரத்தானும் கடற்கரையைச் சுத்தம் செய்வதும் ஒன்றா அண்ணே? சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சுற்றுச்சூழல் என்று தெளிவாகவே போட்டிருக்கிறது. எடுத்துப் படியுங்கள்.

மண்டபம் முகாம்:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். ஒரு நாள் ஒரு நாள்தான்.

கீழக்கரை காக்கா:
நான் மூட்டைச் சண்டைக்கு வரவில்லை. "ஜமாத் திருவிழாவோடு சரி" என்ற வரிக்காக வந்தேன். எங்கள் பக்கம் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அனுப்புகிற பணத்தில் ஊரணி தூர்வாரியிருக்கிறோம், தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறோம். கல்வெட்டு கிடையாது, பேனர் கிடையாது. போட்டோ போடவில்லை என்பதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதுவதா? அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள்.

ராமநாட்டான்:
காக்கா, ஊரணி வேறு, கடல் வேறு. நான் எழுதியது கடலைப் பற்றி. வரியை எடுக்க மாட்டேன்.

கீழக்கரை காக்கா:
ஊரணி இல்லாத ஊரில் கடலைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார முடியும்? சென்னையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறவருக்கு இது புரியாது.

பாசிக்கரை:
கடலைப் பற்றியே பேசுவோம். சங்கம் என்ன செய்தது என்று கேட்டீர்கள் அல்லவா, சொல்கிறேன். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் 1986இல் கடல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே தலைமுறை தலைமுறையாக எங்கள் பெண்கள் அந்தத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுத்து விற்றுப் பிழைத்தவர்கள். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, விரலுக்குத் துணிச் சுற்று, இடுப்பில் ஒரு பை, அவ்வளவுதான். பூங்கா வந்தபிறகு திருடிகளைப் போல விரட்டினார்கள். அந்தப் பெண்களே கூடி உட்கார்ந்து, மாதத்துக்கு 12 நாள் மட்டும் பாசி எடுப்பது, இரும்பால் சுரண்டக் கூடாது, கையால்தான் எடுக்க வேண்டும், மரிக்கொழுந்துப்பாசி மறுபடி வளர நேரம் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. மாதத்தில் மீதி நாள் கூலியில்லை என்று தெரிந்தே எடுத்த முடிவு அது. உங்கள் கம்பெனி 2 சதவீதம் கொடுக்கிறது. இவர்கள் பிழைப்பில் பாதிக்கு மேலே விட்டுக்கொடுத்தார்கள். இதை எந்தத் திருவிழாவில் சேர்ப்பீர்கள்?

வலைவாடி:
எல்லாம் சரி அக்கா. ஆனால் அந்த மூட்டைக்குள் இருந்தது என்ன? பாதி அறுந்த தங்கூசி வலை, அதுதான் நைலான் நரம்பு வலை, மீதி ஐஸ் பெட்டியிலிருந்து உடைந்த தெர்மாகோல். அதைக் கம்பெனிக்காரனா கொண்டுவந்து போட்டான்? நம் ஆட்கள் போட்டது. அதைப் பேசினால் மட்டும் எல்லோருக்கும் வலிக்கிறது.

பாசிக்கரை:
வலைவாடி அண்ணே, நீங்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்தீர்களா? நான் பார்த்தேன். ஒரு மூட்டையைக் கவிழ்த்தால் பாதிக்கு மேல் ஈர மணலும் ஒதுங்கிய கட்டக்கோரைப் பாசியும் கடல்புல்லும். அதைக் குப்பை என்று அள்ளியிருக்கிறார்கள். இன்னொன்றில் வேரோடு பிடுங்கிய அடப்பங்கொடி. அந்தக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான் மேட்டு மணலைப் பிடித்து நிறுத்துகின்றன என்று இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரியும். ஆனால் மணலுக்குள் புதைந்து கிடந்த நண்டு வலையை ஒருவரும் தொடவில்லை. அதைக் கையால் இழுத்தால் வராது. இரண்டு பேர் பிடிக்க, ஒருவர் அரிவாளால் முடிச்சு முடிச்சாக அறுத்து, சுற்றி மணலைத் தோண்டிக்கொண்டே போக வேண்டும். மறுநாள் அப்படித்தான் எடுத்தோம். காய்ந்த நண்டுகள் கொடுக்கோடு அதில் சிக்கிக் கிடந்தன.

ராமநாட்டான்:
தெரியாமல் செய்திருந்தால் கூட நின்று சொல்லிக்கொடுத்திருக்கலாமே அக்கா. அன்றைக்கு ஊர் ஆட்கள் எங்கே போனார்கள்?

பாசிக்கரை:
கடலுக்குப் போனார்கள். யாரைக் கேட்டு நாள் குறித்தீர்கள்? மேடையில் பேசக் கூப்பிட்டவர்களில் ஒருவர்கூடக் கரையில் குடியிருப்பவர் இல்லை. மூட்டையை அள்ளியது யார் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ராமநாட்டான்:
டிராக்டர் என்று சொன்னேனே.

பாசிக்கரை:
வராத டிராக்டரா அள்ளியது?

மண்டபம் முகாம்:
கம்பெனி கடலுக்குள் இறங்கிய பழைய கதை ஒன்றும் இருக்கிறது, புதியவர்களுக்காகச் சொல்கிறேன். கப்பாபைகஸ் என்கிற வெளிநாட்டுப் பாசியை மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்க ஒரு பெரிய குளிர்பானக் கம்பெனி இங்கே ஒப்பந்தம் போட்டது. பெண்கள் சுய உதவிக் குழுக்களைச் சேர்த்தார்கள், வங்கிக் கடன் வந்தது, எல்லாம் நல்லபடியாகப் போனது. 2008இல் அதே பாசி, பூங்காவின் 21 தீவுகளில் ஒன்றான குருசடைத்தீவில் உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்து மூடுவதாக ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அதே வருடம் அந்தக் கம்பெனி தொழிலை வேறொரு கம்பெனியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பியது. பவளம் கிளம்ப முடியாது.

ராமநாட்டான்:
அந்த மிதவையால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்பதையும் எழுதுங்கள் அண்ணே. கேட்டு வாங்கிச் செய்தவர்கள் உங்கள் ஊர்ப் பெண்கள்தான். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் பவளத்தை வெட்டிப் படகு படகாகக் கொண்டுவந்தது யார்? பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம். அதையும் கம்பெனி தலையில் கட்டுவீர்களா?

மண்டபம் முகாம்:
சிமெண்டை எங்கள் அப்பத்தா வீட்டு உரலில் இடித்தார்களா? வெட்டியவன் கூலி. வாங்கியவன் யார்?

பாசிக்கரை:
மிதவையில் வருமானம் வந்தது உண்மை. என் சித்தியும் கட்டினார். அதனால் என்ன? வருமானம் கொடுத்தவர்கள் குப்பையை விட்டுப் போகலாம் என்று அர்த்தமா? நம் மாவட்டத்துக் காரங்காட்டைப் பாருங்கள். வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். படகு ஓட்டுவதும் ஊர், மீன் வறுத்துக் கொடுப்பதும் ஊர். அங்கே குப்பை விழுந்தால் மறுநாள் வாடிக்கை போய்விடும், அதனால் அவர்களே பொறுக்குகிறார்கள். வனத்துறையோடு எனக்கு ஆயிரம் சண்டை உண்டு, அது வேறு விஷயம். ஆனால் அந்த ஆபீஸ் இங்கேயே இருக்கிறது, போய்க் கத்தலாம். டீ ஷர்ட் கம்பெனியை எந்த வாசலில் போய்க் கேட்பது?

மட்டுறுத்துநர்:
கம்பெனிப் பெயர், கரையின் பெயர், தனி ஆட்களின் பெயர் வேண்டாம். இதுவரை யாரும் எழுதவில்லை, நன்றி.

வலைவாடி:
எல்லோரும் கம்பெனியைப் பேசுங்கள், வலையைப் பேசாதீர்கள். இழுவை மடி வலை போட்டு அடிக்கடலைச் சுரண்டுகிற விசைப்படகு பற்றி இந்தத் திரியில் ஒரு வரிகூட இல்லை. திங்கள், புதன், சனி மூன்று நாளும் அவர்கள் போய்விட்டு வந்தால், அடுத்த நாள் நாட்டுப்படகுக்காரன் விரித்த வலை துண்டு துண்டாகக் கிடக்கும். அந்தத் துண்டுதான் கரைக்கு வருகிறது. அந்தத் துண்டுதான் உங்கள் மூட்டையில்.

மண்டபம் முகாம்:
விசைப்படகை இழுக்காமல் உமக்கு ஒரு பதிவும் முடியாதா? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கரையில் கட்டிக் கிடக்கிறது. அந்த 61 நாளும் கரைக்கு வலைத்துண்டு வராமலா இருக்கிறது?

வலைவாடி:
கடலில் கிடக்கிற துண்டு தடைக்காலம் பார்த்தா ஒதுங்கும்? உங்கள் மாமன் படகை விட்டுக்கொடுக்க முடியாமல் பேசுகிறீர்கள்.

மண்டபம் முகாம்:
மாமனை இழுக்காதீர். போன வருடம் சங்கக் கூட்டத்தில் நீர் பேசிய பேச்சுக்கே இன்னும் கணக்குத் தீர்க்கவில்லை.

ராமநாட்டான்:
பார்த்தீர்களா, இதைத்தான் சொன்னேன். சங்கம் என்றால் இதுதான்.

பாசிக்கரை:
அவர்கள் சண்டை போடட்டும். இரண்டு பேரும் நாளைக்கு அதே கடலுக்குத்தான் போவார்கள். நீங்கள் உங்கள் கம்பெனி நண்பர்களிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். அடுத்த முறை வடகடல் பக்கம், அதாவது பாக் நீரிணைக் கரைக்கு வருவதானால் செப்டம்பரில் வரவேண்டாம். வாடைக்காற்று திரும்பியபிறகுதான் அந்தக் கரையில் குப்பை ஒதுங்கும். பஸ்ஸுக்கு ஆகிற செலவில் பாதியை ஊரில் குப்பை அள்ளுகிற தூய்மைக் காவலர் பெண்களின் கூலிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். வண்டியை அவர்களே பிடித்துக்கொள்வார்கள்.

ராமநாட்டான்:
சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஏற்பாடு செய்தவர்களிடம் நேரே சொல்லுங்கள். இன்னொன்று, அந்தப் பெண்களுக்குச் சம்பளம் கொடுப்பது பஞ்சாயத்தின் வேலை, கம்பெனியின் வேலை இல்லை.

பாசிக்கரை:
அப்படியென்றால் போட்டோவும் பஞ்சாயத்துடையதா?

வலைவாடி:
மண்டபம் முகாம், கணக்கு என்றீரே, என்ன கணக்கு? இங்கேயே சொல்லும்.