காரைக்குடியில் படிக்கிறேன், மனம் ஒட்டவில்லை: வழி சொல்லுங்கள்

அண்ணன்கள், அக்காக்கள் அனைவருக்கும் வணக்கம். நான் நாகப்பட்டினத்துப் பெண். காரைக்குடியில் விடுதியில் தங்கி இளங்கலை கணிதம் முதலாண்டு படிக்கிறேன்.

இரண்டு மாதமாக எதிலும் பிடிப்பில்லை. காலையில் விழிப்பு வந்தாலும் எழ மனம் வருவதில்லை. முதல் வகுப்பு போய்விடுகிறது. பிளஸ் டூவில் ஒரே மூச்சில் போட்ட கணக்குகளை இப்போது பார்த்தாலே கண்ணீர் முட்டுகிறது. கடலோரத்தில் வளர்ந்தவள் நான். அலைச்சத்தம் இல்லாத இரவுகள் இன்னும் பழகவில்லை. அம்மாவிடம் தினமும் "நன்றாக இருக்கிறேன்" என்றே சொல்கிறேன். வளையலை அடகு வைத்துச் சேர்த்துவிட்டவரிடம் வேறு என்ன சொல்வது?

போன ஞாயிறு அறைத்தோழி கானாடுகாத்தானில் அவளுடைய ஆச்சி வீட்டுக்கு அழைத்துப் போனாள். ஆத்தங்குடிக் கல் பதித்த குளிர்ந்த தரையில் உட்கார்ந்து கந்தரப்பம் சாப்பிட்டபோது மனம் கொஞ்சம் லேசானது. விடுதிக்குத் திரும்பியதும் பழையபடிதான்.

இப்படிப்பட்ட சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று படித்தேன். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாமாம். யாராவது பேசியிருக்கிறீர்களா? முதல் வாக்கியத்தை எப்படித் தொடங்கினீர்கள்? காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ பொறுமையாகக் கேட்கும் மனநல மருத்துவர், முடிந்தால் பெண் மருத்துவர், இருந்தால் சொல்லுங்கள். விடுதியில் படித்தவர்கள் முதலாண்டை எப்படிக் கடந்தீர்கள்? வீட்டில் எப்போது, எப்படிச் சொன்னீர்கள்?

"தைரியமாக இரு" என்று மட்டும் எழுதாதீர்கள். அதை எனக்கு நானே நாள்தோறும் சொல்லிப் பார்த்துவிட்டேன்.