புதுப்பிப்பு: பார்டிட்சு வாராந்திர வகுப்பு, எந்த யோசனை பலித்தது

லண்டனில் வாரம் ஒருமுறை பார்டிட்சு என்ற பழைய தற்காப்புக் கலையைச் சொல்லித்தருகிறேன். தடி, குத்து, உதை, பிடி நான்கையும் ஒரே வகுப்பில் எப்படி அடக்குவது, ஒரு வாரம் வராதவர் பின்தங்காமலிருக்க என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பலித்தது இதுதான்: வாரத்துக்கு ஒரு கலை என்று பிரிக்காமல், இந்தக் கலையை உருவாக்கிய பார்ட்டன்-ரைட் 1901இல் பியர்சன்ஸ் இதழில் எழுதிய கைத்தடிப் பாடங்களில் ஒன்றை எடுத்து, தொலைவு குறையக் குறைய அதையே நீட்டுவது. முதலில் தடி, நெருங்கினால் சவாத் என்ற பிரெஞ்சு முறை உதையும் குத்தும், பிடி விழுந்தால் ஜப்பானியப் பிடிக்கலையான ஜுஜுட்சு. ஒவ்வொரு வகுப்பும் தன்னளவில் முழுசாக இருப்பதால் இடையில் வருபவர் திணறுவதில்லை. விழப் பழகுவது மட்டும் எல்லா வாரமும் உண்டு. அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பிரம்புத் தடி வாங்கச் சொன்னவருக்கும் தனி நன்றி.

எதிர்பாராதது ஒன்று. பார்டிட்சுவின் தடிப் பாடம் பின்பற்றும் சுவிஸ் ஆசிரியர் பியர் வின்யியின் முறையில் தடி பிடித்த கை உயரத்தில் நிற்க வேண்டும். கைத்தடியில் கைக்காப்பு கிடையாது, தாழ்த்தினால் அடி விரலில்தான் விழும். குத்துச்சண்டை பழகியவர்களுக்குக் கை தன்னால் தாடைக்கு இறங்கிவிடுகிறது. எதுவும் பழகாதவர்கள் சட்டென்று பிடித்துக்கொண்டார்கள். இப்போது குத்துச்சண்டைக்காரரையும் புதியவரையும் ஜோடி சேர்த்துவிடுகிறேன். அப்புறம் கை மேலேயே நிற்கிறது.