கார்ன்ட் பீஃப் மெத்தென்று வேக: நம் அனுபவங்கள்

பாஸ்டனிலிருந்து:

மார்ச் பிறந்தாலே இங்கே கடைகளில் கார்ன்ட் பீஃப், அதாவது உப்புநீரில் ஊறிய பிரிஸ்கட் என்னும் மாட்டுக்கறி, பாக்கெட் பாக்கெட்டாகக் குவிந்துவிடும். 17ஆம் தேதி ஐரிஷ்காரர்களின் திருநாளான புனித பேட்ரிக் நாள். 1776இல் ஆங்கிலேயப் படை பாஸ்டனை விட்டுக் கிளம்பியதும் அதே தேதியில்தான், அதனால் எங்கள் சஃபோக் கவுண்டிக்கு அன்று விடுமுறை வேறு. வீட்டுக்கு வீடு கார்ன்ட் பீஃபும் முட்டைக்கோஸும்தான். மறுநாள் வேலைக்குப் போனால், “ரப்பர் மாதிரி ஆகிவிட்டது, ரொம்ப வேகவைத்துவிட்டேன் போல” என்று யாராவது சொல்வார்கள். கேட்கவே வருத்தமாக இருக்கும். பெரும்பாலும் அது கூடுதலாக வெந்த கறி அல்ல, பாதியில் இறக்கிய கறி.

இதை எனக்குப் புரியவைத்தவர் எங்கள் மாடியில் குடியிருக்கும் ஐரிஷ் பாட்டி. பிரிஸ்கட் என்பது மாட்டின் நெஞ்சுக்கறி. உடம்பின் பாரத்தைத் தாங்கி உழைக்கிற சதை என்பதால் அதில் கொலாஜன், அதாவது சதையைப் பிணைத்து வைக்கும் கெட்டியான புரதம், நிறைய. சுமார் 70 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் அது கரைந்து பசை போன்ற ஜெலட்டினாகத் தொடங்குகிறது, அதுவும் மெதுவாக. ஆட்டுக்கால் பாயா நேரமாக ஆகக் கெட்டிப்படுகிறதே, அதே வேலைதான். சிக்கல் என்னவென்றால், கொலாஜன் கரைவதற்கு முன்பே சதை நார்கள் சுருங்கிச் சாற்றைப் பிழிந்துவிடுகின்றன. அதனால் ஒன்றரை மணி நேரத்தில் குத்திப் பார்த்தால் பச்சையாக இருந்ததைவிடக் கெட்டியாக இருக்கும். பயந்துபோய் அங்கேயே அடுப்பை அணைப்பவர்கள்தான் அதிகம். பாட்டி அந்த நேரத்தில் மூடியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்.

அவர் செய்யும் முறை: கறியை நன்றாகக் கழுவி, மூழ்கும் அளவு குளிர்ந்த நீர் ஊற்றி அடுப்பில் வைப்பார். கொதி வந்ததும் நுரையை எடுத்துவிட்டுத் தீயைக் குறைப்பார். தண்ணீரில் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் போதும், தளதளவென்று கொதிக்கவே கூடாது. ஒன்றரைக் கிலோ துண்டுக்கு மூன்று மணி நேரம், சில சமயம் மூன்றரை. முள்கரண்டியைக் குத்தித் திருகினால் தடையில்லாமல் திரும்ப வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: 63 டிகிரி என்பது சாப்பிடப் பாதுகாப்பான அளவு மட்டுமே. மெத்தென்று ஆவது 90ஐத் தாண்டித்தான். உருளைக்கிழங்கும் கேரட்டும் கடைசி அரை மணியில், முட்டைக்கோஸ் கடைசி இருபது நிமிடத்தில்.

இன்னொன்று. வெந்த பிறகும் கறி இளஞ்சிவப்பாக இருந்தால் வேகவில்லை என்று நினைக்காதீர்கள். அது ஊறவைக்கும்போது சேர்த்த நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பு தரும் நிறம். பாட்டி வாங்குவது நைட்ரைட் சேர்க்காத சாம்பல் நிறக் கறி, இந்த ஊர்ப் பழைய குடும்பங்கள் பல அதைத்தான் விரும்புகின்றன.

டொராண்டோவிலிருந்து:

அக்கா, கொழும்பில் வளர்ந்த எங்களுக்குக் கார்ன்ட் பீஃப் என்றால் டின்தான். வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுப் பிரட்டிப் பாணோடு (பிரெட்) சாப்பிடுவோம். முழுத் துண்டாக நான் முதலில் பார்த்தது இங்கே ஒரு யூத டெலியில் (சமைத்த கறியும் சாண்ட்விச்சும் விற்கும் கடை) வேலைக்குச் சேர்ந்த பிறகு.

அங்கே கற்றது வெட்டும் விதம். எவ்வளவு பதமாக வெந்தாலும் நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் வாயில் நூல் நூலாக இழுபடும். நாருக்குக் குறுக்கே வெட்ட வேண்டும். முழு பிரிஸ்கட்டில் இரண்டு தசைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும்: தட்டையான மெலிந்த ‘ஃபிளாட்’, கொழுப்புள்ள ‘பாயின்ட்’. இரண்டிலும் நார் வேறு வேறு திசையில் ஓடும். அதனால் இரண்டையும் பிரித்துவிட்டுத்தான் எங்கள் மாஸ்டர் கத்தியை வைப்பார். வீட்டில் சமைப்பவர்களுக்கு பாயின்ட் வாங்கச் சொல்வேன், கொழுப்பு இருப்பதால் வறண்டு போகாது. அழகான துண்டுகள் வேண்டுமென்றால் ஃபிளாட்.

நேரமில்லாத நாளில் பிரஷர் குக்கரில் வைக்கிறேன். ஒன்றரைக் கிலோவுக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம். விசிலைத் தூக்கி ஆவியைச் சட்டென்று விடாதீர்கள், கறி இறுகிவிடும். அழுத்தம் தானாக அடங்கட்டும்.

அயர்லாந்து, கார்க் நகரிலிருந்து:

இங்கே பேட்ரிக் நாளில் பலர் வீட்டில் உப்புப் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும்தான் வேகும். கார்ன்ட் பீஃபை அந்த நாளோடு சேர்த்தவர்கள் அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ்காரர்கள்; நியூயார்க்கில் யூதக் கசாப்புக் கடைகளில் அவர்களுக்குக் கட்டுப்படியான விலையில் கிடைத்தது அது. ஆனால் உப்பிட்ட மாட்டுக்கறியை உலகத்துக்கு ஏற்றுமதி செய்த ஊர் கார்க். 1660களில் உயிருள்ள மாடுகளை இங்கிலாந்துக்கு அனுப்பத் தடைச் சட்டங்கள் வந்தன. அதன்பின் கறி பீப்பாய்களில் கப்பல்களுக்கும் கரீபியன் தோட்டங்களுக்கும் போனது. இங்கிருந்த ஏழைகளுக்கு அது எட்டாத உணவு. இதை நினைக்காமல் என்னால் அந்தக் கறியைச் சமைக்க முடிவதில்லை.

சரி, சமையலுக்கு வருகிறேன். இங்கே பின்தொடைக் கறியான சில்வர்சைடும் இதற்கு நிறைய விற்கிறது. அதில் கொழுப்பு குறைவு, பிரிஸ்கட் போலக் குழையாது. எங்கள் ஊர்ச் சந்தையான இங்கிலிஷ் மார்க்கெட்டில் நான் வாங்கும் கடைக்காரர் சொன்ன யோசனை: வெந்ததும் வெளியே எடுக்காமல் அந்த நீரிலேயே அரை மணி விட்டுவிட்டு, பிறகு மெல்லிசாக வெட்டுவது. வறண்டே போவதில்லை. உப்பு கரிக்கும் என்று தோன்றினால் முதல் நாள் இரவே குளிர்சாதனப் பெட்டியில் தண்ணீரில் ஊறவைத்துவிடுவேன்.

பாஸ்டனிலிருந்து:

தம்பி, விசில் விஷயம் மிகச் சரி. மீந்த கறியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்: குளிர்ந்த பிறகு வெட்டினால்தான் உதிராது. மறுநாள் சூடாக்கும்போது மைக்ரோவேவில் வைக்காமல், வேகவைத்த நீர் கொஞ்சம் ஊற்றி மூடி, சின்னத் தீயில் வையுங்கள். அந்த நீரில் உப்பு அதிகம், சூப்பில் சேர்ப்பதானால் ருசி பார்த்துக் கலந்துகொள்ளுங்கள்.