சிவப்பு பிளாஸ்டிக் கார் கிட்டில் வெள்ளைப் பூச்சு இளஞ்சிவப்பாக மாறுகிறது: உதவி தேவை

கேள்வி: திருநகர்வாசி

அனைவருக்கும் வணக்கம். 1957ஆம் ஆண்டு செவ்ரோலே பெல் ஏர் காரின் 1/25 அளவுள்ள பழைய பிளாஸ்டிக் கிட் (துண்டுகளை ஒட்டிச் செய்யும் மாதிரி கார்) ஒன்றைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன். என் சித்தப்பா அதைப் பாதி ஒட்டி, தூரிகையால் எனாமல் பெயின்ட்டைத் தடிமனாகத் தடவி, அப்படியே பெட்டியில் போட்டு வைத்திருந்தார். பாடி முழுவதும் அடர் சிவப்பு பிளாஸ்டிக்கில் வார்க்கப்பட்டது. பழைய எனாமலை பிரேக் ஆயிலில் ஊறவைத்து நீக்கியபின், பாத்திரம் துலக்கும் சோப்புநீராலும் பழைய டூத் பிரஷ்ஷாலும் இடுக்குகள் வரை கழுவி உலர்த்தினேன். அசல் காரின் பானெட் மேல் இருக்கும் இரட்டை ராக்கெட் அலங்காரங்கள் எனக்கு வேண்டாம் என்பதால், அவை பொருந்தும் இடங்களை கார் பட்டறையில் பயன்படும் சாம்பல் நிற புட்டியால் நிரப்பி, 600ஆம் எண் வாட்டர் பேப்பரால் தேய்த்து மட்டமாக்கியிருக்கிறேன்.

கூரைக்கு இந்தியா ஐவரி, கீழ்ப்பகுதிக்கு டிராபிகல் டர்க்காய்ஸ் என்று செவ்ரோலே அந்த ஆண்டில் கொடுத்த இரு நிறங்களையே பூச எண்ணி, முதலில் வாகனங்களுக்கான வெள்ளை ஸ்பிரே பெயின்ட்டை நேரடியாக அடித்தேன். அடித்தபோது தூய வெள்ளையாக இருந்தது, மறுநாள் காலையில் ரோஸ் நிறமாகிவிட்டது. மேலே இன்னொரு பூச்சு கொடுத்தும் அதே கதைதான். பானெட்டில் புட்டி வைத்த இரு இடங்கள் மட்டும் வெள்ளையாகவே நிற்பதால் பார்க்க இன்னும் அசிங்கமாக இருக்கிறது. இதோடு, பின்பக்க வால்சிறகுகளின் விளிம்பிலும் கூரையின் ஓரத்திலும் தலைமுடி அளவுக்கு மெல்லிய வெடிப்புக் கோடுகள் வலைபோல் தெரிகின்றன. பிரேக் ஆயில் மிச்சம் இருந்ததால் இப்படி ஆகியிருக்குமா? முழுவதும் மறுபடி உரிக்க வேண்டுமா?

மறுமொழி: பழங்காநத்தம் பெயின்ட்டர்

தம்பி, பிரேக் ஆயில் மிச்சம் இருந்திருந்தால் பெயின்ட் திட்டுத்திட்டாக விலகி மீன்கண் போன்ற குழிகள் விழுந்திருக்கும், நிறம் மாறியிருக்காது. உங்கள் கேள்விக்கான விடை புட்டி வைத்த அந்த இரு இடங்களிலேயே இருக்கிறது. பூச்சு எங்கும் ஒன்றே, ஆனால் அடியில் சிவப்பு பிளாஸ்டிக் இருக்கும் இடத்தில் மட்டும் நிறம் ஏறுகிறது, சாம்பல் புட்டி இருக்கும் இடத்தில் ஏறவில்லை என்றால், சாயம் பிளாஸ்டிக்கிலிருந்துதான் வருகிறது.

அந்தக் காலத்துச் சிவப்பு, மெரூன் நிறக் கிட்களில் இது பலரும் பட்ட தொல்லை. இந்தக் கிட்களின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனுக்குள் கலந்திருக்கும் சிவப்புச் சாயம் தின்னரில் கரையக்கூடியது. வாகன ஸ்பிரேயில் உள்ள தின்னர் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை லேசாகக் கரைக்கிறது, அந்த ஈரத்தோடு சாயமும் வெள்ளைப் பூச்சுக்குள் ஏறிவிடுகிறது. ஆகவே அதே பெயின்ட்டை மேலும் மேலும் அடிப்பதில் பயன் இல்லை. ஒவ்வொரு பூச்சும் புதிதாகத் தின்னரைக் கொண்டுவந்து இன்னும் கொஞ்சம் சாயத்தை மேலே இழுக்கும்.

வெடிப்புக் கோடுகளுக்கும் காரணம் அதே தின்னர்தான். வார்க்கும்போது சூடான பிளாஸ்டிக் அச்சில் வேகமாக ஆறுவதால் மெல்லிய விளிம்புகளில் இறுக்கம் தங்கிவிடும். டொலுயீன், அசிட்டோன் போன்ற கடுமையான கரைப்பான்கள் பட்டால் அந்த இறுக்கம் நுண்ணிய வெடிப்புகளாக வெளிப்படும். இரும்புத் தகட்டுக்கென்று செய்த பெயின்ட்டை வெறும் பிளாஸ்டிக்கில், அதுவும் நனைய நனைய அடித்தால் இதுதான் நடக்கும்.

உறுதி செய்துகொள்ள ஒரு சோதனை செய்து பாருங்கள். பானெட்டின் உள்பக்கத்தில் பெயின்ட் படாத ஓர் இடத்தை, தின்னரில் நனைத்த காது குடையும் பஞ்சால் ஒருமுறை மட்டும் துடையுங்கள். பக்கத்திலேயே இன்னோர் இடத்தை மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடையுங்கள். இரண்டு பஞ்சும் என்ன நிறத்தில் வருகின்றன என்று சொல்லுங்கள்.

கேட்டவர்

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். தின்னர் பஞ்சு குங்குமத்தில் தோய்த்ததுபோல் வந்தது. துடைத்த இடமும் சற்று நேரம் பிசுபிசுவென்று இருந்தது. ஸ்பிரிட் பஞ்சில் வெறும் தூசிதான், சிவப்பு துளியும் இல்லை.

மறுமொழி: மேலூர் மரவேலை

அப்படியானால் வழி இருக்கிறது. ஸ்பிரிட்டில் உங்கள் சாயம் கரையவில்லை என்பதால், ஸ்பிரிட்டில் கரையும் ஒரு பூச்சை இடையில் கொடுத்தால் சாயம் மேலே ஏறாது. நாங்கள் தேக்குச் சாமானுக்கு பிரெஞ்சு பாலிஷ் போடப் பயன்படுத்தும் அரக்குதான் அந்தப் பூச்சு. மரத்தின் கணுவிலிருந்து கசியும் பிசினும் கறையும் பெயின்ட்டுக்குள் ஏறாமல் இருக்க, பெயின்ட் அடிக்குமுன் அரக்கு தடவுவது எங்கள் தொழிலில் பழைய பழக்கம். அமெரிக்காவில் கிட் செய்பவர்களும் சிவப்பு பிளாஸ்டிக்கை அடைக்க அரக்கு சேர்ந்த பிரைமரைப் பயன்படுத்துகிறார்கள்.

ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 120 கிராம் செதில் அரக்கு என்பது மெல்லிய பதம். உங்கள் காருக்கு 50 மில்லிக்கு 6 கிராம் போட்டால் தாராளம். கண்ணாடி பாட்டிலில் போட்டு ஓர் இரவு கரையவிடுங்கள். சாதாரண அரக்கில் இயல்பாகவே மெழுகு இருக்கும், அதன் மேல் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. பாட்டிலை அசைக்காமல் வைத்திருந்தால் மெழுகு கலங்கலாக அடியில் தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். மெழுகு நீக்கிய அரக்கு கிடைத்தால் இந்த வேலையே வேண்டாம். ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தால் பெயின்ட் தூவும் சிறு கருவி) இருந்தால் மெல்லிய இரண்டு பூச்சு கொடுங்கள், இல்லாவிட்டால் மென்மையான அகலத் தூரிகையால் ஒரே இழுப்பாகத் தடவுங்கள். பூசிய இடத்தைத் திரும்பத் தேய்த்தால் கீழ்ப்பூச்சு கரைந்து இழுபடும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும், அதன் ஆவியும் நல்லதல்ல. சன்னலைத் திறந்துவைத்து, அடுப்படிப் பக்கம் போகாமல் செய்யுங்கள்.

மறுமொழி: உசிலம்பட்டி கிட் பிரியர்

அரக்கு சரியான யோசனைதான், ஆனால் ஐப்பசி மழையில் அதைப் பூசாதீர்கள். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது ஸ்பிரிட் ஆவியாகி மேற்பரப்பு குளிர்ந்து, ஈரம் அதில் படிந்து, அரக்கு பால்போல் வெளுத்துவிடும். அதற்காக வெயில் வந்ததும் மொட்டை மாடியில் காயவைக்கவும் வேண்டாம். பாலிஸ்டைரீன் 100 டிகிரி அருகில்தான் இளகும் என்றாலும், நம் ஊர் சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காருக்குள் விட்டுப்போன ஒரு பாடியின் கூரைத் தூண்கள் வளைந்ததை நான் பார்த்திருக்கிறேன். மழை விட்ட ஒரு நாளில், வீட்டுக்குள் நிழலில், மின்விசிறிக் காற்று நேராகப் படாமல் காயட்டும்.

அரக்குக்குப் பதிலாகச் சில்வர் பெயின்ட்டை அடிப்பூச்சாகக் கொடுப்போரும் உண்டு. அதில் உள்ள அலுமினியத் துகள்கள் தட்டையாகப் படிந்து சாயத்தைத் தடுக்கும். ஆனால் அதிலும் அதே தின்னர்தான் இருக்கிறது. ஏற்கெனவே வெடித்த விளிம்புகள் உள்ள பாடியில் அதை முதலில் அடிக்க நான் சொல்லமாட்டேன். அரக்கின் மேல் அடிக்கலாம்.

முழுவதும் உரிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. வெடிப்புகளை 800ஆம் எண் வாட்டர் பேப்பரால் நீர் விட்டுத் தேய்த்துத் தாழ்த்துங்கள். வால்சிறகின் பக்கவாட்டில் அலுமினியத் தகடு பதியும் பகுதியைச் சுற்றியுள்ள வார்ப்புக் கோடுகள் தேய்ந்துபோகாமல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அவை போனால் அது பெல் ஏர் ஆகவே தெரியாது.

கேட்டவர்

மழை ஓய்ந்தபின் பானெட்டை மட்டும் முதலில் எடுத்துக்கொண்டேன். தேய்த்து, இரண்டு பூச்சு அரக்கு கொடுத்து, நன்றாகக் காய்ந்தபின் பாதியில் மட்டும் வெள்ளையைத் தூரத்திலிருந்து தூவலாக அடித்தேன். ஒரு வாரம் ஆகியும் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது. புட்டி வைத்த இடம் எது என்று இப்போது கண்டுபிடிக்க முடியவில்லை. ஓரத்தில் அரக்கு சரியாகப் படாத ஒரு நூல் அகலத்தில் மட்டும் ரோஸ் கசிந்திருக்கிறது. கூரைக்கும் இதையே செய்யலாம் அல்லவா? இன்னொன்று: டயர் தொட்டுக்கொண்டிருந்த வீல்களில் பிளாஸ்டிக் உருகிப் பள்ளமாகியிருக்கிறது.

மறுமொழி: பழங்காநத்தம் பெயின்ட்டர்

கூரைக்குத் தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. விளிம்பையும் சன்னல் சட்டங்களின் உள்மடிப்பையும் முதலில் சிறு தூரிகையால் அரக்கிட்டு, அதன்பின் பரப்புக்கு வாருங்கள். கசிவு எப்போதும் விளிம்பில்தான் தொடங்கும். அரக்கின் மேல் வரும் முதல் இரண்டு பூச்சும் தூவலாகவே இருக்கட்டும். தின்னர்களில் சற்று ஆல்கஹாலும் கலந்திருப்பதால், நனைய அடித்தால் அரக்கே கரைந்துவிடும்.

வீல் விஷயம் வேறு. பழைய டயர்கள் மென்மையாக்கி சேர்த்த பி.வி.சி.யால் ஆனவை, அந்த மென்மையாக்கி மெல்லக் கசிந்து, தொட்ட பாலிஸ்டைரீனை இளக்கிவிடும். பள்ளத்தை இரண்டு பாகமாக வரும் எபாக்ஸி புட்டியால் நிரப்பித் தேய்த்துவிட்டு, டயர் மாட்டும் வளையத்தைச் சுற்றிச் சமையலறை அலுமினியத் தாளை ஒரு சுற்று ஒட்டியபின் டயரை மாட்டுங்கள். கழற்றி வைக்கும்போது டயர்களைத் தனி டப்பாவில் வையுங்கள், குறிப்பாகக் கண்ணாடிப் பாகங்களோடு ஒரே உறையில் போட வேண்டாம்.