விண்டோஸ் 10 மடிக்கணினியை லினக்ஸ் மின்டுக்கு மாற்றுவது: தமிழ்99, பிரின்டர், சிங்பாஸ்

ஈசூன்வாசி:

வணக்கம். அப்பாவின் மடிக்கணினியை லினக்ஸுக்கு மாற்ற யோசனை. இன்டெல் ஐ5-7200யூ, 8 ஜிபி ரேம், 1 டெராபைட் சுழல் ஹார்ட் டிஸ்க், 14 அங்குல முழு எச்டி திரை. ஏழாம் தலைமுறைச் சிப் என்பதால் விண்டோஸ் 11 ஏற்காது. லினக்ஸ் மின்ட் 22.2, சின்னமன் பதிப்பு போடலாம் என்று பார்க்கிறேன்.

அவருக்கு வேண்டியவை: தமிழ்99 தட்டச்சு (கோயில் கமிட்டி கடிதங்கள், அழைப்பிதழ்கள்), சிங்பாஸ் (சிங்கப்பூர் அரசின் இணைய அடையாளச் சேவை) வழியாக மத்திய சேம நிதி, வருமான வரி, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பக்கங்கள், வைஃபை பிரின்டர், ஜூம்.

விண்டோஸையும் வைத்துக்கொண்டு இரட்டை பூட் செய்வதா, முழுதாக மாறிவிடுவதா? தமிழ்99 எப்படி? உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் தம்பியும் தன் பள்ளிக் கருவியில் லினக்ஸ் போடலாமா என்று கேட்கிறான்.

கர்னல்காரன்:

முதல் வேலை, அந்த ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றுங்கள். சுழல் டிஸ்க்கில் எந்த லினக்ஸைப் போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் திறக்கக் காத்திருக்கத்தான் வேண்டும். அந்தக் கணினியில் மந்தம் சிப்பில் இல்லை, டிஸ்க்கில்தான். 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி, 7 மிமீ தடிமன், 500 ஜிபி தாராளம். சிம் லிம் ஸ்குவேரில் கடைக்குக் கடை விலை கேட்டு வாங்குங்கள். கூடவே ஒரு யூஎஸ்பி–சாட்டா கேபிள்.

இரட்டை பூட் கேள்விக்கும் இதுவே பதில். பழைய டிஸ்க்கைத் தொடாமல் எடுத்து வையுங்கள். அதுதான் பேக்கப், விண்டோஸ் கட்டாயம் வேண்டிய நாளில் மாட்டிக்கொள்ள வேண்டியதும் அதுதான். ஒரே டிஸ்க்கில் இரண்டையும் வைத்து, விண்டோஸ் அப்டேட் பூட் வரிசையை மாற்றிவிட்டது என்று அப்பா கூப்பிட, அதைத் தொலைபேசியில் சரிசெய்ய உட்காருவது வேண்டாத வேலை.

டிஸ்க்கைக் கழற்றுமுன் விண்டோஸில் இரண்டு காரியம். ஒன்று, டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுமையாக ஷட் டவுன் செய்யுங்கள். அது இயங்கிக்கொண்டிருந்தால் விண்டோஸ் உண்மையில் மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். பிறகு கேபிளில் மாட்டினால் மின்ட் அந்த டிஸ்க்கைப் படிக்க மட்டுமே அனுமதிக்கும், சில சமயம் திறக்கவே மறுக்கும்.

8 ஜிபி யூஎஸ்பி குச்சி போதும். தரவிறக்கிய மின்ட் ஐஎஸ்ஓ கோப்பு பிசகாமல் இறங்கியதா என்று அதன் ஷா256 எண்ணை வைத்துச் சரிபார்த்துவிட்டு, ரூஃபஸ் அல்லது எட்சர் மென்பொருளால் குச்சியில் எழுதுங்கள். உடனே நிறுவ வேண்டாம். குச்சியிலிருந்தே ஓடவிட்டு வைஃபை, ஒலி, திரை வெளிச்ச விசைகள், மூடியைச் சாத்தித் திறந்தால் எழுகிறதா, எல்லாம் சோதியுங்கள். அங்கே வேலை செய்யாதது நிறுவிய பிறகு தானாகச் சரியாவது அபூர்வம்.

நிறுவும்போது சிக்கும் இடங்கள்:

எஸ்எஸ்டியே கண்ணில் படவில்லை என்றால் பயாஸில் சாட்டா மோட் ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும். ஏஎச்சிஐ-க்கு மாற்றுங்கள். அந்தக் கணினியில் விண்டோஸ் இல்லாததால் தயங்க வேண்டியதில்லை. ஆனால் பழைய டிஸ்க்கைத் திரும்ப மாட்டும் நாளில் பழைய மோடுக்கே மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் நீலத்திரை காட்டும். மோட் பெயரை அந்த டிஸ்க் மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

வைஃபை இல்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் சிப். போனை யூஎஸ்பியில் மாட்டி டெதரிங் போடுங்கள், நெட் உடனே வரும். பிறகு டிரைவர் மேனேஜரைத் திறந்து அது பரிந்துரைப்பதை நிறுவுங்கள். செக்யூர் பூட் (கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் பயாஸ் அமைப்பு) இயக்கத்தில் இருந்தால் நிறுவும்போது ஒரு பாஸ்வேர்டு கேட்கும், மறுபடி பூட் ஆகும்போது எம்ஓகே என்ற நீலத்திரை வரும். நிறைய பேர் அதில் கன்டினியூ அழுத்திவிட்டு, டிரைவர் போட்டும் வைஃபை வரவில்லை என்று இங்கே வந்து எழுதுகிறார்கள். என்ரோல் எம்ஓகே தேர்ந்து, அந்தப் பாஸ்வேர்டைக் கொடுக்க வேண்டும்.

முடிந்ததும், சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்ப உதவும் டைம்ஷிஃப்டை இயக்குங்கள். அது சிஸ்டத்தை மட்டும் காக்கும். அப்பாவின் கடிதங்கள் இருக்கும் ஹோம் கோப்புறை இயல்பாக அதில் சேராது, அதற்குத் தனி பேக்கப் வேண்டும். சாஃப்ட்வேர் சோர்சஸில் சிங்கப்பூர்க் கொடி உள்ள மிரரை (பதிவிறக்கச் சேவையகத்தை) தேர்ந்தால் அப்டேட் வேகமாக இறங்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு.

தட்டச்சன்:

தமிழ்99 பற்றிச் சொல்கிறேன். பலர் லினக்ஸில் தமிழ் சரியில்லை என்று கைவிடுவது ஒரு தவறான மெனுவில் நுழைவதால்.

கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே தமிழ்நெட்'99 என்ற பெயரில் சில வரிகள் இருக்கும். அவற்றைச் சேர்க்காதீர்கள். அது விசைக்கு ஓர் எழுத்து என்று தரும் எளிய வரைபடம், முன்னால் என்ன அடித்தீர்கள் என்று அதற்குத் தெரியாது. தமிழ்99-இன் உயிரே சூழலைப் பார்ப்பதுதான்: ஒரே மெய்யை இரண்டு முறை அடித்தால் முதலாவதில் புள்ளி விழ வேண்டும், ந-வுக்குப் பின் த அடித்தால் ‘ந்த’ ஆக வேண்டும். அதே பட்டியலில் டேப், டிஸ்கி என்று முடியும் வகைகள் யூனிகோடு பரவுவதற்கு முந்தைய குறியாக்கங்கள். அவற்றில் அடித்ததை அனுப்பினால் பெறுபவர் திரையில் குப்பைதான்.

வேண்டியது ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் என்ற தொகுப்பை நிறுவுங்கள். மெனுவில் இன்புட் மெத்தட் திறந்து ஐபஸ்ஸைத் தேர்ந்தெடுங்கள். லாக் அவுட் செய்து திரும்ப வாருங்கள், இதைத் தாண்டிப் போகாதீர்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்சஸில் இன்புட் மெத்தட் தாவலுக்குப் போய் ஆட் அழுத்தி, தமிழ், அதனடியில் தமிழ்99. மாற்றுவதற்கு விண்டோஸ் சின்னம் உள்ள விசையும் ஸ்பேஸும் சேர்த்து.

சோதனை: ஏ, கே, கே, கியூ என்ற நான்கு விசைகள். ‘அம்மா’ வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். நடுவில் புள்ளி விழவில்லை என்றால் லேஅவுட் பட்டியலுக்குள் போய்விட்டீர்கள். ‘மமதை’ மாதிரி புள்ளி வேண்டாத சொல்லுக்குத் தமிழ்99 விதிப்படி இரண்டு ம-வுக்கும் நடுவில் அ-வை ஒருமுறை தட்ட வேண்டும்.

அடுத்தது லிப்ரேஆஃபீஸ். தமிழுக்கு அங்கே தனி எழுத்துரு அமைப்பு: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழிப் பகுதிக்குப் போய் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்டை டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். பிறகு ரைட்டர் பகுதியில் பேசிக் ஃபான்ட்ஸ் சிடிஎல் என்ற வரி தோன்றும். அதில் நோட்டோ சான்ஸ் தமிழ், அளவு 11 வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் ஸ்டைலில் எழுத்துருவையும் அளவையும் மாற்றுவீர்கள், ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் அப்படியே நிற்கும்.

விண்டோஸில் லதாவிலோ நிர்மலாவிலோ அடித்த கோப்பு இங்கே வேறு எழுத்துருவில் திறக்கும். அகலம் வேறு என்பதால் வரி உடையும், ஒரு பக்க அழைப்பிதழ் இரண்டாம் பக்கத்துக்கு வழியும். அச்சகத்துக்கு எப்போதும் பிடிஎஃப்தான் அனுப்ப வேண்டும்.

ஏழரை_விலகியது:

கர்னல்காரன் சொன்னதையும் மீறி ஒரே டிஸ்க்கில் இரட்டை பூட் செய்யப்போறவங்களுக்கு: லினக்ஸிலிருந்து விண்டோஸுக்குப் போனா கடிகாரம் எட்டு மணி நேரம் பின்னால நிக்கும். மதர்போர்டு கடிகாரத்துல லினக்ஸ் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தை வைக்குது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம்னு படிக்குது. நம்ம ஊர் யூடிசி கூட்டல் எட்டு, அதனால எட்டு. (1982 ஜனவரி 1-க்கு முன்னாடி ஏழரையா இருந்துச்சு. ஏழரை விலகினது நல்லதுதான்.) பேட்டரி போச்சுன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. மின்ட் டெர்மினல்ல டைம்டேட்சிடிஎல், ஒரு இடைவெளி, செட்-லோக்கல்-ஆர்டிசி, ஒரு இடைவெளி, 1. அவ்வளவுதான்.

தம்பியோட பள்ளிக் கருவி: தொடவே கூடாது. அதுல பள்ளியோட சாதன நிர்வாக மென்பொருள் ஓடும், அதுக்கு லினக்ஸ் பதிப்பு கிடையாது. தேர்வுக்குத் திரையைப் பூட்டுற உலாவிகளிலும் ரெஸ்பாண்டஸ் மாதிரி முக்கியமானது லினக்ஸ்ல ஓடாது. லினக்ஸ் பழகணும்னா அப்பா கணினியில தனிக் கணக்கு போட்டுக் கொடுங்க, சுடோ (நிர்வாகி) உரிமை இல்லாம.

சிங்பாஸுக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ்ல கியூஆர் வரும், போன் செயலியில ஸ்கேன் பண்ணினா உள்ளே போயிடும். வங்கியும் அப்படித்தான், டோக்கன் போன்ல. ஜூமுக்கு லினக்ஸ் செயலி இருக்கு, டீம்ஸ்னா உலாவிதான்.

ஈசூன்வாசி:

எஸ்எஸ்டி மாற்றி நிறுவியாயிற்று, ‘அம்மா’ வருகிறது. மூன்று விஷயம் பாக்கி. பிரின்டர் பட்டியலில் வரவில்லை. இரண்டாயிரத்துக்கு முன்னும் பின்னுமாக அடித்த அப்பாவின் பழைய கோப்புகள் திறந்தால் ஆங்கில எழுத்தும் மேற்குறியுமாகக் கிடக்கின்றன. ஒரு பிடிஎஃப் படிவம் ‘தயவுசெய்து காத்திருக்கவும்’ என்ற ஆங்கில வரியோடு நின்றுவிடுகிறது. எழுத்துகள் வேறு சிறியதாக இருக்கின்றன என்கிறார்.

தட்டச்சன்:

பழைய கோப்புகள் டிஸ்கி அல்லது டேப் குறியாக்கத்தில் இருக்கும். கோப்பு கெடவில்லை, அந்த எழுத்துரு இங்கே இல்லை, அவ்வளவே. பழைய டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டி விண்டோஸ் கோப்புறையில் ஃபான்ட்ஸ் உள்ளே அந்த எழுத்துருவைத் தேடுங்கள். ஹோம் கோப்புறையில் கன்ட்ரோல்-எச் அழுத்தினால் மறைந்த கோப்புறைகள் தெரியும். புள்ளியில் தொடங்கும் லோக்கல், அதற்குள் ஷேர், அதற்குள் ஃபான்ட்ஸ் என்று ஒன்றை உருவாக்கி அதில் போடுங்கள். லிப்ரேஆஃபீஸை மூடித் திறந்தால் தமிழ் தெரியும். தெரிவது மட்டும்தான். தேட முடியாது, வாட்ஸ்அப்பில் ஒட்ட முடியாது. மறுபடி பயன்படுத்த வேண்டிய கோப்புகளை மட்டும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், இணையத்தில் மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு கொம்பு, கால் சேரும் ஒகர ஓகார எழுத்துகளை ஒருமுறை கண்ணால் பாருங்கள். தவறு வந்தால் அங்கேதான் வரும். மற்றவற்றை பிடிஎஃப் ஆக்கி வைத்தால் போதும்.

எழுத்து அளவுக்கு: டிஸ்பிளே அமைப்பில் 125 சதவீதம் போடாதீர்கள். மின்டின் திரையை இயக்கும் எக்ஸ்11-இல் அது கிராஃபிக்ஸ் வேலையைக் கூட்டும், பழைய சிப் திணறும். ஃபான்ட் செலக்‌ஷனில் டெக்ஸ்ட் ஸ்கேலிங் ஃபேக்டர் 1.2 வையுங்கள்.

கர்னல்காரன்:

பிரின்டர்: டிரைவர் தேடிப் போகாதீர்கள். அண்மைய வைஃபை பிரின்டர்கள் பெரும்பாலும் ஐபிபி என்ற பொது அச்சு நெறிமுறை வழியாக டிரைவர் இல்லாமலே வேலை செய்யும். பட்டியலில் வராததற்குக் காரணம் பெரும்பாலும் ரவுட்டர். பிரின்டர் கெஸ்ட் நெட்வொர்க்கில் இருந்தால், அல்லது ரவுட்டரில் ஐசொலேஷன் இயங்கினால், இரண்டுக்கும் நெட் இருக்கும், ஒன்றையொன்று பார்க்காது. முதலில் இரண்டையும் ஒரே வைஃபை பெயரில் இணையுங்கள். இல்லையென்றால் யூஎஸ்பி கேபிளில் மாட்டிப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால்தான் தயாரிப்பாளரின் லினக்ஸ் டிரைவர்.

வந்த பிறகு பிரின்டர் விளக்கு மினுக்கிக்கொண்டு தாள் அளவு சரியில்லை என்று அடம்பிடித்தால், ரீஜன் அமெரிக்க ஆங்கிலமாக இருக்கும். அதன்படி தாள் லெட்டர் அளவு, தட்டில் இருப்பதோ ஏ4. லாங்குவேஜஸ் ஜன்னலில் மொழி, ரீஜன் இரண்டும் தனித்தனி. மெனுக்கள் தமிழில் வேண்டுமென்றால் மொழியை மட்டும் தமிழாக்குங்கள். ரீஜனையும் இந்தியத் தமிழாக வைத்தால் தாள் ஏ4 ஆகும், ஆனால் லிப்ரேஆஃபீஸ் கால்க் கோயில் கணக்கை ரூபாய்க் குறியோடு காட்டும். ரீஜனை ஆங்கிலம், சிங்கப்பூர் என்று வையுங்கள், தாளும் வெள்ளியும் சரியாகும். முன்பே சேர்த்த பிரின்டருக்கு அதன் ஆப்ஷன்ஸில் ஏ4-ஐக் கையால் மாற்ற வேண்டியிருக்கலாம்.

காத்திருக்கச் சொல்லும் பிடிஎஃப் எக்ஸ்எஃப்ஏ வகைப் படிவம். மின்டின் பிடிஎஃப் பார்வையாளருக்கு அது புரியாது. கோப்பைப் பிடித்து ஃபயர்ஃபாக்ஸ் ஜன்னலில் போடுங்கள், பெரும்பாலும் திறக்கும், அதிலேயே நிரப்பலாம். சேமித்ததும் மூடி, மறுபடி திறந்து, நிரப்பியது நிற்கிறதா என்று பார்த்த பிறகு அனுப்புங்கள்.