அயல்நீர் மீன்: ஒரு கலைச்சொல் முன்மொழிவு

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நன்னீர் மீன்களுக்கான சொற்பட்டியலில் 'நான்-நேட்டிவ்' (ஓர் இடத்துக்கு இயல்பாக உரியதல்லாத) என்பதற்கு 'வெளிநாட்டு மீன்' என்றே எழுதிவிடலாம் என்ற கருத்துக்கு இங்கே ஆதரவு கூடிவருகிறது. எளிய சொல், எல்லோருக்கும் புரியும் என்பது உண்மைதான். ஆனால், மீனுக்கு எல்லை வகுப்பது நாடு அன்று, ஆறும், அதற்கு நீர் வடிந்து சேரும் பரப்பாகிய வடிநிலமும்தான் என்பதால், இச்சொல் நம் நீர்நிலைகளில் நடந்திருப்பவற்றில் பாதியைக் கணக்கிலிருந்தே விலக்கிவிடும்.

காவிரியை எடுத்துக்கொள்வோம். செம்மஞ்சள் துடுப்பும் மேடிட்ட முதுகும் கொண்டு, 50 கிலோவுக்கு மேலும் வளரக்கூடிய, மஹ்சீர் என்னும் ஆற்றுப் பெருமீன் வகையைச் சேர்ந்த ஓர் இனம் அந்த ஆற்று வடிநிலத்துக்கு மட்டுமே உரியது. 'டோர் ரெமாதேவி' என்பதே அதன் அறிவியற் பெயர் என்பது 2018இல்தான் தெளிவாயிற்று. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனமாகவும் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இன்று மோயாறு போன்ற சில இடங்களில்தான் அது எஞ்சியிருக்கிறது. அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது ஆப்பிரிக்க மீனோ சீன மீனோ அன்று. கிருஷ்ணா வடிநிலத்துக்கு உரிய நீலத்துடுப்பு மஹ்சீர். மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் குஞ்சு பொரித்து, மஹ்சீரைக் காப்பாற்றுகிறோம் என்ற நல்லெண்ணத்தோடு காவிரியில் கொண்டுவந்து விடப்பட்ட மீன் அது. இதை 'வெளிநாட்டு மீன்' என்று எந்த நூலிலும் எழுத முடியாது. எழுதாமல் விட்டாலோ காவிரி மஹ்சீருக்கு நேர்ந்ததைச் சொல்ல நம்மிடம் சொல்லே இல்லாமல் போகும். நம் ஏரிகளிலும் அணைகளிலும் ஆண்டுதோறும் இருப்புச் செய்யப்படும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவையும் இத்தகையவையே. கங்கை முதலிய வட இந்திய ஆறுகளின் மீன்களாகிய அவை காவிரிக்கும் தாமிரபரணிக்கும் அயல்தான்.

மறுதலையான 'நேட்டிவ்' என்பதற்கு 'நாட்டு மீன்' என்பதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். 'நாட்டு' என்ற அடை, கொங்கு நாடு, நாஞ்சில் நாடு என்னும் பழைய பொருளில், 'இந்த வட்டாரத்துக்கு உரிய' என்பதை இன்றும் தாங்கி நிற்கிறது. நாட்டுக்கோழி என்று சொல்பவர் யாரும் இந்தியக் கோழியை நினைத்துச் சொல்வதில்லை. 'வெளிநாட்டு' என்னும்போதோ கடவுச்சீட்டு கேட்கும் நாடு மட்டுமே மனத்தில் வருகிறது. ஆகவே இவ்விரண்டையும் எதிர்ச்சொற்களாக நிறுத்துவது பொருந்தாது.

'நான்-நேட்டிவ்' என்பதற்கு 'வந்தேறி' என்று வைக்கலாம் என்ற பரிந்துரையை நான் உறுதியாக எதிர்க்கிறேன். மனிதரை இழித்துப் பேச அரசியல் மேடைகளில் ஆளப்படும் சொல் அது. பள்ளிப் பாடத்தில் மீனுக்கு வைத்தால் அந்த இழிவு கூடவே வகுப்பறைக்குள் வரும். மேலும், இந்த மீன்கள் தாமாக வரவில்லை. ஜிலேபிக் கெண்டை என்று நாம் அழைக்கும் மொசாம்பிக் திலாப்பியாவை 1952இல் உணவுத் தேவை கருதி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். (இது கெண்டைக் குடும்பத்து மீனே அன்று என்பதையும் பட்டியலில் குறிப்பது நல்லது.) ஆண் மீன் கரையோர ஆழமற்ற நீரில் குழி பறிக்கிறது, பெண் மீன் முட்டைகளையும் பொரிந்த குஞ்சுகளையும் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கிறது. குஞ்சுகள் பெருமளவில் தப்பிப் பிழைப்பதால், ஒரு குளத்தில் ஒருமுறை புகுந்த இம்மீன் சில ஆண்டுகளிலேயே அதை நிரப்பிவிடுகிறது. இப்படி வெளிப்படையாகக் கொண்டுவந்து விட்டதை 'ஊடுருவி' என்பதும் தவறு, ஏனெனில் ஊடுருவலில் கள்ளத்தனம் தொனிக்கிறது. 'ஆக்கிரமிப்பு மீன்' என்பதிலோ வேறொரு சிக்கல் உண்டு: 'ஏரியில் ஆக்கிரமிப்பு' என்ற செய்தித் தலைப்பைப் படிக்கும் எவரும் கரையில் எழும்பிய கட்டடங்களைத்தான் நினைப்பார்.

எனவே, பொதுச்சொல்லாக 'அயல்நீர் மீன்' என்பதை முன்மொழிகிறேன். வேறொரு நீர்நிலைத் தொகுதிக்கு உரிய மீன் என்பதே அதன் பொருள். மொசாம்பிக்கிலிருந்து வந்ததும் கங்கையிலிருந்து வந்ததும் இதில் அடங்கும். 'அயலாற்று மீன்' என்பதையும் எண்ணிப் பார்த்தேன்; ஏரிக்கும் சதுப்புக்கும் உரிய மீன்கள் இருப்பதால் அதை விட்டுவிட்டேன்.

இச்சொல்லில் நன்மை தீமை பற்றிய தீர்ப்பு எதுவும் இல்லை என்பதை அதன் வலிமையாகவே கருதுகிறேன். நீலகிரியின் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்து வளர்த்த வானவில் டிரவுட்டும், கொசுப் புழுவைத் தின்னக் கிணறுகளில் விடப்படும் கம்பூசியாவும், நடுவண் அரசு 2000இல் வளர்க்கத் தடை விதித்த ஆப்பிரிக்கக் கெளுத்தியும் ஒன்றுபோல அயல்நீர் மீன்களே. அவற்றுள் எது எந்த நீரில் எவ்வளவு கேடு செய்கிறது என்பது ஆய்ந்து அறிய வேண்டிய செய்தி. பெயரிலேயே முடிவு கட்டிவிட்டால் ஆய்வுக்கு வேலையில்லை. பரவிக் கேடு விளைவிப்பது உறுதியானவற்றுக்கு மட்டும் 'ஊறுசெய் அயல்நீர் மீன்' என்று அடை சேர்க்கலாம். மீன்தொட்டிகளிலிருந்து வெளியேறி ஏரிகளில் பெருகியிருக்கும் உறிஞ்சுவாய்க் கெளுத்திக்கு இவ்வடை ஐயமின்றிப் பொருந்தும். எலும்புத் தகடு போர்த்த அதன் உடலும் முள் துடுப்பும் வலையில் சிக்கினால், கண்ணிகளை அறுத்துத்தான் மீனவர் அதை எடுக்க வேண்டியிருக்கிறது. எடுத்தாலும் வாங்க ஆள் இல்லை.

மனிதர் கொண்டுவந்த செயலைக் குறிக்க 'புகுத்திய' என்பதும், விட்ட இடத்தில் தானாக இனம்பெருக்கி வாழத் தொடங்கிய நிலைக்கு 'நிலைகொண்ட' என்பதும் போதும். ஒரே மீன் புகுத்தியதாகவும் நிலைகொண்டதாகவும் ஊறுசெய்யாததாகவும் இருக்கக்கூடும் என்பதால் இவற்றைத் தனித்தனி அடைகளாகவே வைத்திருக்க வேண்டும்.

சொற்புணர்ச்சி பற்றி ஒரு குறிப்பு. நல் + நீர் 'நன்னீர்' ஆவதுபோல் இதுவும் திரிந்து 'அயனீர்' ஆக வேண்டும் என்று இலக்கணம் அறிந்தோர் சொல்லக்கூடும். அயல்நாடு என்று எழுதிப் பழகிய கண்ணுக்கு அயல்நீர் இடறாது. அயனீர் என்றால் பொருளே மறைந்துவிடும். ஆதலால் பட்டியலில் பிரித்தறியும் வடிவத்தையே சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.