மேசி 1035 உதறல்: இன்ஜினைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி

குழு: தோட்டத்துச் சொந்தங்கள்

[காலை 6:10] செந்தில்: ரவிண்ணா, பழைய மேசி 1035 டிராக்டர் ஸ்டார்ட் ஆனதும் ஸ்டியரிங் கையில நிக்காத அளவுக்கு உதறுதுங்க. வெள்ளைப் புகையும் வருது. இன்ஜினைத் தாங்குற மவுண்ட் ரப்பர் போயிருக்குமுங்களா?

[6:14] ரவி அண்ணன்: அந்த வண்டியில மவுண்ட் ரப்பரே கிடையாது தம்பி. முன்னால ஆக்சில் சப்போர்ட், பின்னால கியர் பாக்ஸ், நடுவுல இன்ஜினே சேஸிஸ், வண்டியத் தாங்குற சட்டம். உள்ள சின்னதா தடுமாறினாலும் நேரா சீட்டுக்கு வந்துரும். ரப்பர் மாத்தோணும்னு எவனாச்சும் சொன்னா அவன்கிட்ட வண்டிய உடாத 😄

[6:15] ரவி அண்ணன்: ரேஸ் குடுத்தா கூடுதா, குறையுதா?

[6:21] செந்தில்: ஐடில்ல, ரேஸ் குடுக்காம ஓடும்போது, மோசம். ரேஸ் ஏத்துனா அடங்கிருதுங்ணா.

[6:26] ரவி அண்ணன்: அப்ப ஒரு சிலிண்டர் அடிக்கல, உள்ள டீசல் எரியல. 3 சிலிண்டர் இன்ஜின்ல கிராங்க் ரெண்டு சுத்து சுத்துனா மூணு அடி, 240 டிகிரிக்கு ஒண்ணு. ஒண்ணு விட்டுப்போனா 480 டிகிரிக்கு அடியே இல்ல. ஐடில்ல அது அப்பட்டமாத் தெரியும், வேகத்துல ப்ளைவீல் மறைச்சிரும்.

[6:27] ரவி அண்ணன்: ரேஸ் ஏத்த ஏத்த உதறலும் ஏறுச்சுன்னாத்தான் ஃபேன், ப்ளைவீல், கிளட்ச் பக்கம் போகோணும்.

[6:31] தங்கவேல் மாமா: ஒரு குறிப்பிட்ட ரேஸ்ல மட்டும் உதறி, மேலயும் கீழயும் சும்மா இருந்தா போல்ட்டுதான். ஆக்சில் சப்போர்ட் போல்ட்டும், இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்ற இடத்துப் போல்ட்டும் பாரு. இணைப்புல துருப் பொடியோ, உரசி மின்னுற கோடோ இருந்தா அங்க லூசு.

[6:34] கார்த்தி: ஐடிலே ரொம்பக் கம்மியா வெச்சிருந்தாலும் 3 சிலிண்டர் ஆடுமுங்க மாமா. 700–750 ஆர்.பி.எம். இருக்கோணும்.

[6:40] ரவி அண்ணன்: ஆமா, அதைப் பாத்துட்டு எந்தச் சிலிண்டர்னு கண்டுபிடி. ஐடில்ல ஓடட்டும். இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள்ள டீசல் தெளிக்கிறது) மேல இருக்கிற ஹை பிரஷர் பைப் நட்டை, துணி சுத்தி, ஒவ்வொண்ணா அரைச் சுத்து லூசு பண்ணி உடனே டைட் பண்ணு. நல்ல சிலிண்டர்னா சத்தம் மாறி இன்ஜின் இன்னும் தடுமாறும். எதுல ஒரு மாத்தமும் இல்லையோ அதுதான் ஆளு. ரேடியேட்டர் பக்கம் இருக்கிறது 1.

[6:42] சுமதி அக்கா: கண்ணாடி போட்டுக்கடா. பீச்சுற டீசலுக்கு நேரா கைய நீட்டாத, தோலைக் கிழிச்சு உள்ள போயிரும். ஊசி குத்துன மாதிரிதான் தெரியும், ஆனா உடனே ஆசுபத்திரிக்குப் போகோணும். வலிக்கலயேன்னு உட்டா விரலே போயிரும்.

[7:25] செந்தில்: 2-ல லூசு பண்ணா ஒண்ணும் மாறல. ஆனா நட்டுல டீசல் நல்லா வருது.

[7:29] ரவி அண்ணன்: டீசல் போகுது, எரியல. அந்த எரியாத டீசல்தான் வெள்ளைப் புகை. ஒண்ணு இன்ஜெக்டர் நுனி நாசில் தெளிக்காம ஒழுகுது, இல்லன்னா கம்ப்ரெஷன் (காத்தை அமுக்குற அழுத்தம்) இல்ல. 1, 2 இன்ஜெக்டரை மாத்திப் போட்டுப் பாரு. கோளாறு 1-க்குப் போனா இன்ஜெக்டர். 2-லயே நின்னா வால்வு, ரிங், கேஸ்கட்.

[7:30] ரவி அண்ணன்: வெள்ளைப் புகையே இல்லாம அடிக்கலைன்னா ஏர் லாக் (டீசல் லைன்ல காத்து) இல்லன்னா பம்ப்புன்னு சந்தேகப்படலாம். காத்து ஏறுறது டேங்குக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவுல, உறிஞ்சுற பக்கம். அங்க ஓட்டை இருந்தா வெளிய சொட்டாது, காத்தை உள்ள இழுக்கும். அதனாலதான் யாரும் கண்டுபிடிக்கிறதில்ல.

[7:36] தங்கவேல் மாமா: இன்ஜெக்டர் கழட்டுனதும் டார்ச் அடிச்சு ஓட்டைக்குள்ள பாரு. பழைய செம்பு வாஷர் அடியிலயே ஒட்டிட்டு நிக்கும். அதுக்கு மேல புதுசைப் போட்டா நாசில் ஏறி நிக்கும், தெளிப்பு எடம் மாறும், கேஸும் லீக் ஆகும். ஹெட்டுல கரியும் படியும்.

[7:38] ரவி அண்ணன்: ஒவ்வொண்ணுக்கும் புது வாஷர் ஒண்ணுதான். ரெண்டு பக்க நட்டையும் மாத்தி மாத்தி கொஞ்சங் கொஞ்சமா இறுக்கு. ஒரு பக்கமா முறுக்குனா நாசில் ஊசி பிடிச்சுக்கும். நாசிலை டெஸ்டர்ல குடுத்துத் தெளிப்பு மூடுபனியா வருதா, நுனியில சொட்டுதான்னு பாத்துட்டு மாட்டு.

[7:45] கார்த்தி: இன்ஜெக்டர் கழட்டி இருக்கும்போதே டேப்பெட்டும் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி) பண்ணிரலாம், கிராங்க் லேசா சுத்தும். குளிர்ந்த இன்ஜின்ல 0.30 மி.மீ., 12 தவு (இன்ச்ல ஆயிரத்துல 12 பங்கு). ஓட்டைகள்ல துணி வெச்சுக்கோ, நட்டு கிட்டு உள்ள உழுந்தா ஹெட்டையே தூக்கோணும்.

[7:52] ரவி அண்ணன்: ஃபயரிங் ஆர்டர், சிலிண்டர் அடிக்கிற வரிசை, 1-2-3. 1-வது பிஸ்டன் கம்ப்ரெஷன்ல மேல வந்து நிக்கோணும், அப்ப அதோட ரெண்டு ராக்கரும் ஆடும். அந்த நிலையில 1-க்கு ரெண்டு வால்வு, 2-க்கு எக்ஸாஸ்ட், 3-க்கு இன்லெட். அப்புறம் கிராங்க்கை முழுசா ஒரு சுத்து. மிச்சம் 2-க்கு இன்லெட், 3-க்கு எக்ஸாஸ்ட். அஞ்சு நிமிசத்துல ரெண்டு தடவையில ஆறும் முடிஞ்சுது.

[8:40] செந்தில்: மாமா சொன்னதுதான். 2-ல ரெண்டு வாஷர்! அடி வாஷர் கருகிப் போய் ஒட்டிக் கெடந்துச்சு.

[8:41] தங்கவேல் மாமா: 👍 ஒட்டுனதைக் கொக்கி போட்டு எடு, உளி வெச்சு அடிக்காத. இன்ஜெக்டர் உக்கார்ற எடத்துல கோடு உழுந்தா எந்த வாஷரும் நிக்காது.

[8:50] சுமதி அக்கா: ரவி, எங்க வண்டியில உதறல் ரொட்டவேட்டர் ஓட்டும்போது மட்டும். ரொட்டவேட்டரைச் சுத்த வைக்கிற பி.டி.ஓ.வை நிறுத்துனா ஒண்ணுமில்ல.

[8:55] ரவி அண்ணன்: இன்ஜின் மேல கோளாறு இல்லைங்கக்கா. பி.டி.ஓ. ஷாஃப்ட்டைக் கழட்டி மாட்டும்போது ரெண்டு முனைக் கவட்டையும் ஒரே நேருக்கு வந்திருக்காது. ஸ்ப்லைன்ல ஒரு பல் தள்ளி மாட்டினாலே ஒவ்வொரு சுத்துக்கும் வேகம் ஏறி எறங்கி உதறும். கவட்டைகளை இணைக்கிற கிராஸ்ல ஆட்டம் இருக்கான்னும் பாருங்க. ரொட்டவேட்டரை அளவுக்கு மீறி மேல தூக்கி ஓட்டுனாலும் அப்படித்தான்.

[8:58] கார்த்தி: டேப்பெட் இடைவெளி அளக்கிற நம்ம ஃபீலர் கேஜ் யாரு ஊட்டுல இருக்குதுங்க? போன மாசம் குடுத்தது.